சேலையை முதலில் பார்க்க விடுங்கள்

இளம்பிள்ளைச் சேலை வாங்க இன்று சேலத்துக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொட்டால் கடை திறந்துகொள்கிறது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசும் அப்படியே வீடு தேடி வருகிறது. ஆனால், திறந்த கடைக்குள் நிம்மதியாகப் பார்க்க முடிகிறதா?

முந்தானையைப் பெரிதாக்கிப் பார்க்க இரண்டு விரல் வைப்பதற்குள் திரையை மூடிக்கொண்டு ஒரு பெட்டி விழுகிறது. ‘மின்னஞ்சல் கொடுங்கள், 10 சதவீதம் தள்ளுபடி’ என்கிறது. அதை மூடுவதற்கான பெருக்கல் குறியோ கடுகளவு. விரல் தவறிப் பட்டால் வேறொரு பக்கம் திறக்கிறது. வந்தவர் அலுத்துப்போய் வாட்ஸ்அப்புக்கே திரும்பிவிடுகிறார்.

பாப்-அப் எனும் இந்தப் பெட்டிக்கு வயது கால் நூற்றாண்டுக்கு மேல். 1990களின் பிற்பகுதியில் டிரைபாட் தளத்துக்காக இதற்கான நிரலை எழுதியவர்களில் ஈதன் சக்கர்மேன் முக்கியமானவர். 2014-இல் அதற்காக வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். பிரவுசர்கள் தடுக்கத் தொடங்கியதும் தனி ஜன்னலாக வந்த பாப்-அப், பக்கத்துக்கு உள்ளேயே எழும் பெட்டியாக உருமாறியது. மொபைலில் நுழைந்ததுமே உள்ளடக்கத்தை மறைக்கும் பக்கங்களைத் தேடலில் பின்னுக்குத் தள்ளும் விதியைக் கூகுள் 2017 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

பாப்-அப்பே கூடாது என்பது என் வாதம் அல்ல. கடிகாரத்தைப் பார்த்து வரும் பாப்-அப் கூடாது. வந்தவரைப் பார்த்து வரவேண்டும். வந்தவர் எவ்வளவு தூரம் கீழே இறங்கிப் பார்த்தார், எந்தப் படத்தில் நின்றார், இதற்கு முன் வந்திருக்கிறாரா, கூடையில் எதையாவது போட்டாரா என்பதெல்லாம் தளத்துக்குத் தெரியும். கணினியில் மவுஸ் அம்பு மேலே, பக்கத்தை மூடும் இடத்துக்கு விரைவதைக் கண்டு ‘போகிறார்’ என்று கணிக்கும் முறையும் உண்டு. ஆனால் மொபைலில் அம்பு ஏது? நம் ஊர்க் கடைகளுக்கு வருவோரில் பெரும்பாலோர் மொபைலில்தான் வருகிறார்கள். அவர்களுக்கு வேறு அடையாளங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இளம்பிள்ளைக் கடையையே எடுத்துக்கொள்வோம். சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர் ஒரே சேலைக்கு மூன்று முறை திரும்பி வருவார், பார்டரைப் பெரிதாக்குவார், கூரியர் செலவு எங்கே போட்டிருக்கிறது என்று தேடுவார். அந்த நேரத்தில் திரையின் அடியில் சின்னப் பட்டையாக ‘கூரியர் விவரம் கேட்க வாட்ஸ்அப் செய்யுங்கள்’ என்று வந்தால் அது உதவி. வீட்டிலிருந்தபடி சேலை விற்கும் பெண்களோ பத்து இருபது டிசைன்களை மளமளவென்று தள்ளிக்கொண்டே போவார்கள். அவர்களுக்குத் தேவை மொத்த விலைப் பட்டியல். பணம் கட்டும் பக்கத்துக்குப் போய்விட்டவரிடம் எதையும் காட்டக் கூடாது. ஒரு முறை மூடியவரிடம் அன்றைக்கு மறுபடி நீட்டவே கூடாது. நல்ல ஜவுளிக்கடை விற்பனையாளர் இதைத்தான் செய்கிறார்: வாடிக்கையாளரின் கை ஒரு சேலையில் நிற்கும்வரை பேசாமல் இருப்பார்.

பாப்-அப்பே தேவைப்படாத இடங்களும் உண்டு. நாமக்கல் மண்டல முட்டை விலையைப் பார்க்க வருபவர் எண்ணைப் பார்த்ததும் போய்விடுவார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவரை மறித்து நிறுத்துவதில் லாபம் எதுவும் இல்லை.

இதற்கான கருவிகளுக்கு வெளிநாட்டை நம்பியிருக்க வேண்டாம். சென்னையில் தலைமையகம் கொண்ட ஸோஹோவின் சேல்ஸ்ஐக்யூ, பேஜ்சென்ஸ் இரண்டும் வருபவரின் நடத்தையைக் கவனித்து இயங்குபவை. இதே துறையில் சென்னையில் வளர்ந்த ஸார்கெட் 2017-இல் ஃபிரஷ்வொர்க்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது.

சட்டமும் இதில் கண் வைத்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. ஓயாமல் நச்சரிப்பது, பொய்யாக அவசரப்படுத்துவது, ‘வேண்டாம்’ என்பவரைக் கூச வைப்பது மூன்றும் அதில் உண்டு. ‘இன்னும் 5 நிமிடம்தான்’ என்று தினமும் ஓடும் கடிகாரம் போட்டிருக்கும் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்றிரவு உங்கள் கடையின் பக்கத்தை, அதற்கு முன் அதைத் திறந்தே பார்த்திராத ஒருவரின் மொபைலில் திறக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் சேலை முழுதாகத் தெரியும் முன்பே பெட்டி விழுந்தால், நாளைக் காலை முதல் வேலையாக அதை நிறுத்தச் சொல்லுங்கள்.