கடலும் கரையும் – 9: மூன்று மைல் கோடும் ஊர்ப் பஞ்சாயத்தும்

இழுவைமடிப் படகுகள் நம் கரைக்கு வந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இறாலைத் தேடி அவை கரையோரத்திலேயே இழுத்ததில் கட்டுமரக்காரர்களின் வலைகள் அறுந்தன; 1970களில் கடற்கரை நெடுக மோதல் மூண்டது. மத்திய அரசு 1976இல் மஜும்தார் குழுவை அமைத்தது. அதன் பின் கடலோர மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுகளுக்கு, விசைப்படகுகளுக்கு அதற்கு அப்பால் என்று அது பிரித்தது. நியாயமான பிரிவினைதான். ஆனால் நாற்பது ஆண்டுகள் கடந்தும் அந்தக் கோடு மீறப்பட்டுக்கொண்டே இருக்கிறது. மீனவர்களுக்குச் சட்டத்தை மதிக்கத் தெரியாது என்று இதற்குக் காரணம் சொல்லிவிடுவது எளிது. அது உண்மை அல்ல.

அதே விசைப்படகுகள் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 61 நாள். வருமானம் முழுதாக நின்றுபோகும் இந்தத் தடை, கரையோர விதியைவிடப் பல மடங்கு கடுமையானது. ஆனாலும் பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படுகிறது. நிற்கும் படகு எல்லோர் கண்ணிலும் படுகிறது. பக்கத்துப் படகும் போகவில்லை என்பது தெரிவதால், நான் மட்டும் ஏன் நட்டப்பட வேண்டும் என்ற கேள்வி எழுவதில்லை. கரையோரக் கோடோ தண்ணீரில் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரையை மீன்வளத் துறை சில ரோந்துப் படகுகளால் காவல் காக்க முடியாது. மீறலை நாள்தோறும் நேரில் பார்ப்பவர் நாட்டுப்படகுக்காரர். சட்டம் அவரைப் புகார் கொடுப்பவராக மட்டுமே பார்க்கிறது. முடிவெடுக்கும் இடத்தில் அவருக்கு நாற்காலி போடவில்லை.

சட்டம் வருவதற்கு முன்பே கரையில் ஒழுங்கு இருந்தது. சோழமண்டலக் கரையின் பட்டினவர் மீனவ ஊர்களில் எந்த வலையை விடலாம், எதை விடக்கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்து கூடித் தீர்மானிக்கும், மீறினால் அபராதம். நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பழவேற்காடு ஏரியில் இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைக்கும் ‘பாடு’ வழக்கமும் இத்தகையதே. இராமநாதபுரம் பக்கம் பாக் நீரிணையில் 1970களின் இறுதியிலிருந்து வாரத்தில் 3 நாள் விசைப்படகுகளும் 4 நாள் நாட்டுப்படகுகளும் தொழிலுக்குப் போகின்றன. மோதிக்கொண்ட இரு தரப்பும் ஏற்ற ஏற்பாடு என்பதால்தான் அது இத்தனை காலம் நிற்கிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டின் குறையையும் மறைக்கக் கூடாது. நாளைப் பங்கிட்டார்களே தவிர, படகுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டவில்லை. குறுகிய கடலில் விசைப்படகுகள் பெருகி எல்லை தாண்டின. போரிலிருந்து மீண்டு வந்த இலங்கையின் வடபகுதித் தமிழ் மீனவர்கள் தங்கள் வலைகளை இழந்தார்கள். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவதும் உரிமத்தை நிறுத்துவதும் எந்த ஊராலும் ஆகாது. அது அரசின் வேலை. எந்த நாளில், எந்த இடத்தில், எந்த வலை என்பது கடலை அறிந்தவர்களின் வேலை. இரண்டும் சேர்ந்த இடத்தில் பலன் கிடைத்திருக்கிறது. கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் ஏற்றுமதி ஆசையால் மட்டி வளம் சரிந்தபோது, 1993இல் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளுவது நிறுத்தப்பட்டது; வலைக்கண்ணுக்கும் மட்டியின் அளவுக்கும் வரம்பு வந்தது. விஞ்ஞானிகள் அளவைச் சொன்னார்கள், மாவட்ட நிர்வாகம் ஆணையிட்டது, அள்ளுபவர்கள் கடைப்பிடித்தார்கள். சிறு மட்டியை வாங்கும் இடத்திலேயே தடுக்க முடிந்ததால் நீரில் காவல் தேவைப்படவில்லை. 2014இல் உலகத் தரச்சான்று பெற்ற இந்தியாவின் முதல் மீன்வளம் அதுதான்.

ஊர்ப் பஞ்சாயத்துக்கு அதிகாரம் தரலாமா என்று கேட்பவர்களின் அச்சம் வெற்று அச்சம் அல்ல. அங்கே ஆண்கள் மட்டுமே உட்கார்கிறார்கள்; ஏலத்திலும் விற்பனையிலும் உழைக்கும் பெண்களுக்கு இடமில்லை. ஊர்விலக்கு போன்ற கொடுமைகளும் நடந்திருக்கின்றன. ஆகவே இருக்கிற பஞ்சாயத்தை அப்படியே சட்டமாக்கச் சொல்லவில்லை. பெண்களும் கூலித் தொழிலாளர்களும் இடம்பெறும் மன்றமாக, மேல்முறையீட்டுக்கு வழியுள்ளதாக அமைக்க வேண்டும். ஊர்களே பிளந்து நிற்கும்போது என்ன செய்வது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. தமிழ்நாடு 2000இல் தடை செய்த சுருக்குமடி வலைக்காக 2020, 2021இல் கடலூர், நாகை, மயிலாடுதுறை ஊர்கள் இரு அணியாக நின்றதைப் பார்த்தோம். கடன் வாங்கி வலை வாங்கியவருக்கும் மீன்பாடு குறைந்தவருக்கும் உட்கார்ந்து பேச ஒரு மன்றம் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரியில் வந்த இடைக்கால ஆணை, 12 கடல் மைலுக்கு அப்பால் திங்களும் வியாழனும் மட்டும் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை அனுமதித்தது. கரையில் பேசி முடிக்க வேண்டிய நாளும் நேரமும் டெல்லியில் குறிக்கப்பட்டன. மீன் ஓர் ஊர் எல்லைக்குள் நிற்காதே என்பவர்களுக்கு, ஊர், மாவட்டம், மாநிலம் என்ற மூன்றடுக்கே விடை.

கேரளம் தன் சட்டத்தைத் திருத்தி அத்தகைய மூன்றடுக்கு மீன்வள மேலாண்மை மன்றங்களுக்கு இடம் தந்துவிட்டது. தமிழ்நாடும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திறந்து, அதில் மீனவருக்கும் மீன் விற்கும் பெண்ணுக்கும் முடிவெடுக்கும் உரிமையை எழுத வேண்டும். கடலோரத் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் இதைப் பேரவையில் எழுப்பட்டும்.