பாய்மரத்தை நிறுத்துதலும் இசைவு செய்தலும்

சிறிய படகொன்றில் பாய்மரத்தை நிமிர்த்தி, அதைத் தாங்கும் கம்பிகளின் நீளத்தையும் இறுக்கத்தையும் காற்றின் வேகத்துக்கும் ஓட்டுபவர்களின் எடைக்கும் ஏற்பச் சரிசெய்வது பாய்மர இசைவு எனப்படும். பார்வைக்குப் பாய்மரம், பாயைத் தொங்கவிட நட்ட கம்பம் போலத் தோன்றும். உண்மையில் அது வில்லைப் போல வளையக்கூடியது. அதன் வளைவைப் பொறுத்தே பாயின் வடிவம் அமைகிறது.

இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது 420 வகைப் படகு. பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்தியன் மோரி 1959இல் வடிவமைத்த இப்படகின் நீளம் 4.20 மீட்டர், பெயரும் அதனால் வந்ததே. இருவர் ஓட்டுவது. பல நாடுகளில் இளையோர் பயிற்சிக்கும் போட்டிக்கும் பயன்படுகிறது. இதன் பாய்மரம் அலுமினியத்தால் ஆனது. ஆனாலும் 'மரம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தாங்கும் உறுப்புகள்

பாய்மரத்தின் அடி, படகின் தளத்தில் உள்ள பொருத்தில் அமர்கிறது. உச்சிக்குச் சற்றுக் கீழிருந்து மூன்று கம்பிகள் இறங்குகின்றன. ஒன்று அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்குச் செல்லும் முன்கம்பி. மற்ற இரண்டும் படகின் இருபக்க விளிம்புகளில், பாய்மரத்துக்குச் சற்றுப் பின்னே பொருந்தும் பக்கக் கம்பிகள். பாய்மரத்தின் நடுப்பகுதியிலிருந்து இருபுறமும் நீளும் சிறு கைகள் பக்கக் கம்பிகளை விலக்கிப் பிடிக்கின்றன. இவற்றை 'ஸ்பிரெடர்' என்பர்.

நிறுத்துதல்

பாய்மரத்தைத் தூக்கும் முன் அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே மின்கம்பி சென்றால் படகை வேறிடத்துக்கு நகர்த்திய பிறகே வேலையைத் தொடங்கலாம். அலுமினியம் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆறு மீட்டருக்கும் மேல் உயரமான பாய்மரம் தெருவோர மின்கம்பியை எளிதில் எட்டிவிடும். படகைக் கரையில் தள்ளிச் செல்லும்போதும் இந்த ஆபத்து உண்டு.

பக்கக் கம்பிகளை முதலில் பொருத்திவிட்டு, ஒருவர் அடியைப் பொருத்தில் வைத்து நிமிர்த்திப் பிடிக்க, மற்றவர் முன்கம்பியை அணியத்தில் கட்டுவார். முன்பாயை ஏற்றி அதன் ஏற்றுக்கயிற்றை இறுக்கியதும் முன்கம்பி தளர்ந்து தொங்கும். புதியவர்கள் ஏதோ அவிழ்ந்துவிட்டது என்று பதறுவதுண்டு. பதற வேண்டியதில்லை, முன்பாயின் முன்விளிம்பில் உள்ள கம்பியே இனி அந்தப் பாரத்தைத் தாங்குகிறது.

இசைவு செய்தல்

முதலில் பாய்மரம் இடவலமாகச் சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவு நாடாவைப் பெரிய பாயின் ஏற்றுக்கயிற்றில் கட்டி உச்சிக்கு ஏற்றி, இருபக்கக் கம்பிகளின் அடிப்பொருத்து வரை அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இருபுறமும் ஊசி ஒரே எண்ணுள்ள துளையில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. கம்பிகளின் நீளமே வேறுபட்டிருக்கலாம்.

அடுத்தது பின்சாய்வு. அதே நாடாவைப் படகின் பின்பலகை வரை இழுத்து அளப்பர். பக்கக் கம்பிகளைச் சுருக்கினால் பாய்மரம் பின்னே சாயும். நீட்டினால் முன்னே வரும். சாய்வு கூடினால் காற்றின் விசை பின்னுக்கு நகர்வதால் படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்ப முயலும். சுக்கானில் இந்த இழுப்பு சிறிதளவு இருப்பது நல்லது. கை நழுவினாலும் படகு காற்றை நோக்கித் திரும்பி வேகம் குறையும். இழுப்பு மிகுந்தால் சுக்கானே தடையாகி வேகத்தைக் குறைக்கும். சாய்வை மாற்றினால் இறுக்கமும் மாறும் என்பதால் அதை மீண்டும் பார்க்க வேண்டும்.

வளைவு இவற்றுள் நுட்பமானது. பெரிய பாயின் முன்விளிம்பு நேராக வெட்டப்படுவதில்லை. சற்றுப் புடைத்த வளைவாகவே தைக்கப்பட்டிருக்கும். பாய்மரம் நேராக நின்றால் அந்த உபரித் துணி பாய்க்குள் தள்ளப்பட்டு 'வயிறு' உண்டாகும். பாய்மரத்தின் நடுப்பகுதி முன்னோக்கி வளைந்தால், உபரித் துணியை அவ்வளைவு எடுத்துக்கொள்ளும், பாய் தட்டையாகும். ஸ்பிரெடர் கைகளைப் பின்னோக்கித் திருப்பி வைத்தால், விலகிய பக்கக் கம்பிகள் நேராக முயன்று கைகளை முன்னே தள்ளும். அதனால் வளைவு கூடும். காற்று பலமாக வீசும்போதும், ஓட்டுபவர்கள் எடை குறைந்தவர்களாக இருக்கும்போதும் தட்டையான பாயே படகைக் கவிழாமல் காக்கும். மிதமான காற்றில் வயிறுள்ள பாயே படகை இழுத்துச் செல்லும்.

நீரில் இறங்கியபின், காற்று போகும் பக்கத்துக் கம்பியைக் கவனிக்க வேண்டும். அது ஊஞ்சல்போல ஆடினால் இறுக்கம் போதவில்லை. முன்பாயின் விளிம்பு தொய்ந்து, படகு காற்றை நெருங்கி ஓட முடியாமல் பக்கவாட்டில் நழுவும்.

பராமரிப்பு

பாய்மரம் சரிவதற்குக் காரணமாக இருப்பது பெரும்பாலும் பெரிய காற்றன்று, சிறிய ஊசி. கம்பிப் பொருத்துகளின் ஊசிகள் கழலாமல் காக்கும் கம்பி வளையங்கள், பாயிலோ கயிற்றிலோ சிக்கித் திறந்துகொள்ளும். அவற்றின்மேல் நாடா ஒட்டுவது வழக்கம். கம்பியின் இழைகள் முதலில் அறுவது முனைப்பொருத்தை ஒட்டிய இடத்திலேயே. ஓர் இழை அறுந்திருந்தாலும் அக்கம்பியை மாற்றிவிட வேண்டும். உப்புநீரில் ஓடிய படகானால் கம்பிகளையும் பொருத்துகளையும் ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவ வேண்டும்.