இழப்பைச் சுமந்தபடி நிதித்துறைக்குள் நுழைதல்: எமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் ஒரு செத்தவீடு நடந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். எட்டுச் செலவுக்கு மாமிமார் வந்து சமைப்பார்கள். அயலவர் தேத்தண்ணி கொண்டு வருவார்கள். அந்தியேட்டி முடிந்ததும் பந்தல் கழற்றப்படும். வாடகைக் கதிரைகள் திரும்பிப் போகும். மறுநாள் காலை அந்த வீட்டின் மூத்த பிள்ளை கணக்கீட்டுப் புத்தகத்தை விரித்தால், ஒரே பக்கத்தை நான்கு தடவை வாசித்தும் ஒன்றும் மனதில் நிற்காது. பரீட்சைக்கோ இன்னும் ஆறு கிழமைதான் இருக்கும்.

இது எமது குடாநாட்டில் அரிதான காட்சி அல்ல. போரில் தந்தையை இழந்தவர்கள், அண்ணன் எங்கே என்று தெரியாமல் வளர்ந்தவர்கள், நோயிலோ விபத்திலோ அண்மையில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் எனப் பலர் வங்கியிலும் கணக்காய்வு நிறுவனங்களிலும் ஒரு இடத்தைப் பிடிக்கப் போராடிக்கொண்டிருக்கின்றனர். அவர்களில் பலர் தங்களுக்கு நேர்ந்த தடங்கலைத் தங்களுடைய தகுதிக் குறைவு என்றே எண்ணுகின்றனர். அந்த எண்ணம் ஏன் தவறானது என்பதையும், துக்கத்தையும் தொழில் முயற்சியையும் ஒருசேரக் கொண்டுபோவது எவ்வாறு என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

ஏன் நிதித்துறை?

உத்தியோகம் என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் நீண்ட வரலாறு உண்டு. பிரித்தானியர் காலத்தில் ஆங்கிலம் படித்த எமது முன்னோர் லிகிதர்களாகவும் கணக்குப்பிள்ளைகளாகவும் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் பல கல்வீடுகள் எழுந்தன. 1970களின் தரப்படுத்தல் மருத்துவ, பொறியியல் கனவுகளைச் சுருக்கியது. அதன் பின்னர் வந்த போர் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது.

2009க்குப் பின்னர் ஏ9 வீதி வழியாக முதலில் வந்தவற்றுள் வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் அடங்கும். போர்க்காலத்திலும் இங்கு இயங்கிய அரச வங்கிகளுக்குப் பக்கத்தில் தனியார் வங்கிகள் கிளை திறந்தன. கொழும்புப் பங்குச் சந்தையும் யாழ்ப்பாணத்தில் கிளை அமைத்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ கற்கைகள், வணிக பீடத்திலிருந்து பட்டதாரிகள் வெளியேறிக்கொண்டிருக்கின்றனர். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்த பிள்ளை ஏ.ஏ.ரி.யில் தொடங்கி, சி.ஏ., சீமா, ஏ.சி.சி.ஏ. என்று படிப்படியாக ஏறலாம். காணியோ முதலோ இல்லாத, உழைக்கும் கையை இழந்த ஒரு குடும்பத்துக்கு இது எட்டக்கூடிய ஏணியாகத் தெரிகின்றது.

ஆனால் இந்த ஏணியின் படிகள் வழுக்கக் கூடியவை. பட்டயக் கணக்காளராக வருவதற்குப் பரீட்சைகள் மட்டும் போதாது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமொன்றில் மூன்று வருடப் பயிற்சியும் வேண்டும். பெரிய கணக்காய்வு நிறுவனங்களும் முதலீட்டு நிறுவனங்களும் கொழும்பில்தான் குவிந்துள்ளன. பயிலுநருக்குக் கிடைக்கும் கொடுப்பனவு அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும். நேர்முகப் பரீட்சை ஆங்கிலத்தில் நடக்கும். இவை எவருக்கும் கடினமானவையே. துக்கமும் சேரும்போது சுமை இரட்டிப்பாகின்றது.

துக்கம் மனதுக்குச் செய்வது என்ன?

துக்கம் வெறும் அழுகை அல்ல. அது நித்திரையைக் குழப்பும், பசியைக் குறைக்கும், ஞாபகத்தையும் கவனக்குவிப்பையும் தாக்கும். கணக்கீடு வேண்டி நிற்பதும் இதே ஆற்றல்களைத்தான். ஒரு கூட்டு நிறுவனக் கணக்கைச் செய்யும்போது மூன்று, நான்கு எண்களை ஒரே நேரத்தில் மனதில் பிடித்திருக்க வேண்டும். இழப்புக்குப் பின்னான மாதங்களில் மனம் அந்த எண்களை நழுவ விடுகின்றது. மரணம் நடந்த ஆறு மாதத்துக்குள் ஒரு பாடத்தில் தவறினால், அதை வைத்து உங்கள் திறமையை அளவிடாதீர்கள். அந்தப் புள்ளியில் துக்கத்தின் பங்கும் இருக்கின்றது.

எமது சூழலில் இன்னொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளத்தாக்கத்தைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து எழுதி வந்தவர். போர் தனி மனிதரை மட்டுமன்றி, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே காயப்படுத்தியது என்பது அவரது ஆய்வுகளின் மையக் கருத்து. அதனால்தான் 2009இல் கைக்குழந்தையாக இருந்த பிள்ளைகூட, தாயின் மௌனத்தின் ஊடாக அந்த இழப்பைச் சுமக்கின்றது. இன்று அப்பம்மா இறந்தால், அன்று அழ முடியாமல் போன மரணங்களுக்கும் சேர்த்தே வீடு அழுகின்றது.

சடங்குகள் இதற்கு ஒரு மருந்தாக இருந்தன. காடாற்று, எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம். கிறிஸ்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் திருப்பலி. ஒவ்வொன்றும் துக்கத்துக்கு ஒரு நாளையும் ஓர் இடத்தையும் கொடுத்தது. இடப்பெயர்வின்போது வீதியோரத்தில் விட்டுவரப்பட்ட உடல்களுக்கு இவை எதுவும் கிடைக்கவில்லை. அந்தியேட்டி செய்யும் கீரிமலையே நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது.

முடிவு தெரியாத இழப்பு

காணாமல் ஆக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு நிலைமை மேலும் சிக்கலானது. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு பணியாற்றியவர். ஆள் இருக்கின்றாரா இல்லையா என்று தெரியாத இந்த நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று அவர் விளக்கினார். இதில் துக்கம் ஆறாமல் இருப்பது நோய் அல்ல. சூழ்நிலையே ஆற விடாமல் வைத்திருக்கின்றது.

வேலை தேடும்போது இந்த இழப்பு கடதாசிகளில் வந்து நிற்கும். விண்ணப்பப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதுவது? இறந்துவிட்டார் என்று எழுதினால் அம்மா தாங்கமாட்டார். எழுதாவிட்டால் கேள்வி வரும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. பல குடும்பங்கள் அதை மறுத்தன. பிள்ளையைத் தாமே இறந்தவராக்குவது போலிருந்தது அவர்களுக்கு. 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, மரணத்தை ஏற்றுக்கொள்ளாமலேயே ஆள் காணக்கிடைக்கவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் அறிமுகமானது. படிவங்களில் எதை எழுதுவது என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே வீட்டில் கதைத்து முடிவு செய்யுங்கள். நேர்முகப் பரீட்சை மேசையில் அந்த முடிவை எடுக்க நேர்ந்தால், வாய் அடைத்துப்போகும்.

இரண்டு பக்கமும் போய்வருதல்

‘முதலில் மனதைத் தேற்று, பிறகு படி’ என்பார்கள் சிலர். ‘படிப்பில் இறங்கினால் எல்லாம் மறந்துவிடும்’ என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே முழு உண்மை அல்ல.

நெதர்லாந்து ஆய்வாளர்களான மார்கிரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஸ்கட் ஆகியோர் 1999இல் முன்வைத்த ஒரு விளக்கம் இங்கு பயன்படும். இழந்தவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் திரும்புகின்றார்: அழுகின்றார், படத்தைப் பார்க்கின்றார், நினைக்கின்றார். இன்னொரு நேரம் வாழ்வின் பக்கம் திரும்புகின்றார்: வங்கிக்குப் போகின்றார், படிக்கின்றார், புதிய பொறுப்பை ஏற்கின்றார். இவ்விரண்டுக்கும் இடையில் மாறி மாறிப் போய்வருவதே ஆரோக்கியமான துக்கம் என்பது அவர்களின் கருத்து. ஒரே பக்கத்தில் சிக்கிக்கொள்வதுதான் ஆபத்து.

ஆகவே, அப்பா இறந்து இரண்டு மாதத்தில் ஒரு நகைச்சுவைக்குச் சிரித்துவிட்டேன் என்று குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். மூன்று வருடத்துக்குப் பின்னர் ஆடி அமாவாசையன்று புத்தகத்தைத் தொட முடியவில்லை என்று பயப்படவும் வேண்டாம். இரண்டும் அதே போய்வருதலின் பகுதிகளே.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

முதலாவது, பரீட்சை. எல்லாப் பாடங்களையும் ஒரே தடவையில் எழுத வேண்டும் என்ற பிடிவாதத்தைச் சிறிது தளர்த்துங்கள். ஒரு பாடத்தை எழுதிச் சித்தியடைவது நான்கைக் கட்டித் தவறுவதை விட மேலானது. ஆண்டு நினைவு நாள், பிறந்தநாள், மே மாத நடுப்பகுதி எனக் கனமான நாட்களை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து, அந்தக் கிழமையில் கடினமான அலகுகளை வைக்காதீர்கள். மூன்று மணித்தியாலம் தொடர்ந்து இருக்க முடியாவிட்டால் நாற்பது நிமிடம் இருங்கள். ஒரு கணக்கைச் செய்து முடியுங்கள்; எழும்பி நடந்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, சுயவிபரக்கோவையில் உள்ள இடைவெளி. அதை மறைக்க வேண்டாம். நீட்டி விளக்கவும் வேண்டாம். இரண்டு வசனம் போதும்: ‘என் தந்தை காலமானதால் ஒரு வருடம் குடும்பப் பொறுப்பைக் கவனித்தேன். பின்னர் படிப்பைத் தொடர்ந்து இரண்டாம் நிலையை முடித்தேன்.’ இதை ஆங்கிலத்தில் சத்தமாகப் பல தடவை சொல்லிப் பழகுங்கள். முதல் தடவை குரல் தழுதழுக்கும். பத்தாவது தடவை நிதானம் வந்துவிடும்.

அந்த ஒரு வருடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். இறந்தவரின் வங்கிக் கணக்கை விடுவிக்க அலைந்தீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்குப் படிவம் நிரப்பினீர்கள். காப்புறுதிக் கோரிக்கையை எழுதினீர்கள். யார் பின்னுரித்தாளி என்று தேடினீர்கள். வீட்டின் கடனையும் வரவையும் ஒரு கொப்பியில் எழுதி மாதத்தை ஓட்டினீர்கள். விரும்பிப் பெற்ற அனுபவம் அல்ல இது. ஆனாலும் வங்கி மேசையின் மறுபக்கத்தில் இருந்து பெற்ற அனுபவம்.

மூன்றாவது, எழுதுதல். வேலை இழந்த உத்தியோகத்தர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஓர் ஆய்வில், தம் மனக்கொதிப்பை ஒளிவுமறைவின்றித் தாளில் எழுதியவர்கள் ஏனையோரை விட விரைவாகப் புதிய வேலை பெற்றனர். வேலை இழப்பும் உயிரிழப்பும் ஒன்றல்ல. ஆயினும் உள்ளே அடைத்து வைத்திருப்பது நேர்முகப் பரீட்சையில் வேறு உருவில் வெளிவரும் என்பதை நாம் கண்டிருக்கின்றோம். இரவில் இருபது நிமிடம் எழுதுங்கள்; யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. எழுத எழுத மனம் மோசமானால் நிறுத்திவிட்டு யாருடனாவது கதையுங்கள்.

முதல் வேலை தரும் புதிய காயம்

இங்கு அதிகம் பேசப்படாத ஒரு விடயம் உண்டு. எமது பகுதியில் நிதித்துறையின் முதல் வேலை பெரும்பாலும் கணினி முன்னால் இருப்பதல்ல; மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கடன் கொடுப்பதும் அறவிடுவதும்தான். போருக்குப் பின்னர் நுண்கடன் கிராமங்களுக்குள் புகுந்தது. கணவனை இழந்த பெண்களே அதில் அதிகம் சிக்கினர். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு நுண்கடன் நிவாரணத் திட்டமொன்றை அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

தாயின் உழைப்பில் வளர்ந்த ஒரு பிள்ளை, தன் தாயைப் போன்ற ஒருவரின் படலையைத் தட்டி மாதத் தவணையைக் கேட்கும்போது உள்ளே ஏதோ அறுகின்றது. ‘நான் இந்தத் துறைக்குச் சரிவரமாட்டேன்’ என்று அது பல பிள்ளைகளுக்குத் தோன்றுகின்றது. சரிவராதது அந்த வேலையாக இருக்கலாம், துறை அல்ல. கணக்காய்வு, கூட்டுறவு, உள்ளூராட்சிக் கணக்குகள், தொண்டு நிறுவனங்களின் நிதிப் பிரிவு, சிறு வியாபாரங்களின் வரிக் கணக்கு எனப் பல வாசல்கள் உள்ளன. சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கங்களின் நீண்ட மரபு எமது மண்ணில் இருக்கின்றது. கடன் ஒப்பந்தத்தை ஒரு தாய்க்கு விளங்கும் தமிழில் வாசித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இத்துறைக்குள் இருப்பதும் எமக்குத் தேவை.

வீட்டாருக்கும், உதவி தேவைப்படுவோருக்கும்

‘இனி நீதான் குடும்பத்தைப் பார்க்க வேணும்’ என்று செத்தவீட்டிலேயே பிள்ளையிடம் சொல்வது எமது வழக்கம். அதை ஒரு வருடம் தள்ளிச் சொல்லலாம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பணம் அனுப்பும்போது ‘எப்ப முடிப்பாய்?’ என்று கேட்பதற்குப் பதிலாக ‘இந்தமுறை எத்தனை பாடம் எழுதுறாய்?’ என்று கேட்கலாம். பிள்ளை கட்டிலை விட்டு எழும்பாவிட்டால் அதைச் சோம்பல் என்று முடிவு செய்ய வேண்டாம்.

சாதாரண துக்கம் மெதுவாகவேனும் இளகும். ஆறு மாதத்துக்கு மேலாகியும் அன்றாட வாழ்க்கையை முடக்கும் அளவுக்கு அது இறுகியிருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு அதைச் சிகிச்சை வேண்டிய நிலையாகவே கொள்கின்றது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் நீண்டகாலமாக உளவளத்துணை வழங்கி வருகின்றது. பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் கடமையாற்றுகின்றனர். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் பொறுத்திருக்க வேண்டாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை உடனே அழையுங்கள்.

வர்த்தகப் பிரிவில் முதலில் படிப்பது, வரவுக்கு ஒரு செலவு சமப்பட வேண்டும் என்பதைத்தான். இறந்தவரின் இடத்தை எந்தப் பதவியும் சமப்படுத்தாது. அவருக்காக ஒரு சான்றிதழைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைக்கலாம். வைக்கும்போது அழுகையும் வரும். அதற்கு மறுநாள் வேலைக்குப் போகலாம். எமது தாய்மார் இத்தனை வருடமாக அடுப்படியிலும் வயலிலும் செய்துவந்ததும் இதைத்தான்.