மூலையில் கிடந்த பாட்டுப் பெட்டி

"பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக்…" என்று குரல் கொடுத்தபடி வண்டிக்காரர் தெருவில் நுழைந்தால் போதும், சுங்குவார்சத்திரத்தில் பாதி வீடுகளின் மூலை முடுக்குகள் அன்று காலியாகிவிடும். எங்கள் வீட்டு மூலையும் அப்படித்தான் காலியாக இருந்தது.

வாடகை வீடு, இரண்டே அறைகள். குழந்தைக்கு எட்டு மாதம், தவழ ஆரம்பித்துவிட்டான். கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. "அப்பாவோட அந்த ரெக்கார்டுப் பெட்டியை எடைக்குப் போட்டுடலாம். குழந்தைக்கு இடம் வேணும். பாட்டுதானே, போன்லயே கேக்கலாம்" என்றார். நியாயமான பேச்சுதான். அத்தை பதில் பேசவில்லை. முந்தானையால் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாமனார் காலமானதிலிருந்து அவர் பேச்சே குறைந்துவிட்டது. அந்த ஒரு துடைப்பு என்னை உறுத்தியது. வண்டிக்காரரிடம், "அடுத்த வாரம் வாங்கண்ணா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பெட்டியில் 28 இசைத்தட்டுகள் இருந்தன. சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டில் மாமனார் பழைய விலைக்கு வாங்கிச் சேர்த்தவை. 1985-ல் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்ததோடு சேகரிப்பும் நின்றுபோனதாம். சினிமாப் பாட்டு கொஞ்சம், மீதியெல்லாம் 'ஜாஸ்'.

ஜாஸா, அது நமக்கெதற்கு என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த இசை அது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் அந்த நேரத்தில் தோன்றியபடி விரித்து வாசிப்பார்கள். நம் கச்சேரியில் கற்பனை ஸ்வரம் பாடுவதில்லையா, அதற்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

டேவ் புரூபெக் என்ற பியானோக்காரரின் தட்டு ஒன்றைப் போட்டேன். 1959-ல் வந்த 'டைம் அவுட்'. அதில் 'டேக் ஃபைவ்' ஆரம்பித்ததும், சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தையின் விரல்கள் முறத்தில் தாளம் போட்டன. "இது அஞ்சு எண்ணிக்கை. தகிட தக, தகிட தக… உங்க மாமாவுக்கு இது பிடிபடவே இல்ல. கல்யாணமான புதுசுல நான்தான் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன்" என்றார். சிறு வயதில் அவர் பாட்டுக் கற்றவர் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்!

இதே புரூபெக் 1958-ல் தம் குழுவோடு சென்னைக்கு வந்து, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். பின்னாளில் நம் விக்கு விநாயக்ராமின் கடம், ஜான் மெக்லாலினின் கிதாரோடு 'சக்தி' குழுவில் சேர்ந்தது. அவர்களுடைய முதல் தட்டு 1976-ல் வெளிவந்தது.

அத்தைக்குப் பிடித்தவர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். 1960-ல் பெர்லின் மேடையில் பாட்டின் நடுவே அந்த அம்மாளுக்கு வரிகள் மறந்துபோயின. நிறுத்தினாரா? இல்லை! வாய்க்கு வந்த வார்த்தைகளைக் கோத்துப் பாடி முடித்தார். அந்தப் பாட்டுக்கே கிராமி விருதும் கிடைத்தது. நடு ராத்திரியில் தாலாட்டின் அடுத்த அடி மறந்து, நாமே எதையோ இட்டுக்கட்டிப் பாடுகிறோமே, நமக்கு யார் விருது தருகிறார்கள்!

இன்னொன்று. எல்.பி. தட்டின் ஒரு பக்கம் சுமார் இருபது நிமிடம் ஓடும். பிறகு தானே நின்றுவிடும். போன் மாதிரி அடுத்தது, அடுத்தது என்று இழுக்காது. ஒரு பக்கம் முடிவதற்குள் குழந்தைக்குச் சோறு ஊட்டிவிடலாம். மறுபக்கத்தில் துணி மடித்துவிடலாம்.

உங்கள் வீட்டிலும் பழைய தட்டுகள் இருந்தால் சில குறிப்புகள்:

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புத்தகம் போல் நிறுத்தி வையுங்கள். வெயில் படும் ஜன்னலோரமும், மொட்டை மாடிக்குக் கீழான பரணும் ஆகாது, சூட்டில் வளைந்துவிடும். எங்கள் பெட்டியில் ஆறு தட்டுகள் அப்படித்தான் வீணாகிவிட்டன.

எடுக்கும்போது ஓரத்தையும் நடுவையும் மட்டும் பிடியுங்கள். அழுக்கிருந்தால், காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் கோடுகள் ஓடும் திசையிலேயே துடையுங்கள். பிறகு வெறும் நீரால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். நடுவிலுள்ள காகிதம் நனையக் கூடாது. மழைக் காலத்தில் அட்டையில் பூஞ்சை, கரையான் இருக்கிறதா என்று பாருங்கள்.

கனமாக, கீழே விழுந்தால் உடையும் 78 சுற்றுத் தட்டுகள் அரக்கால் ஆனவை. அவற்றை ஸ்பிரிட்டால் துடைத்தால் கரைந்துவிடும். அவற்றுக்கு ஊசியும் வேறு. தேய்ந்த ஊசி எந்தத் தட்டையும் கீறிவிடும். முதலில் ஊசியை மாற்றுங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் சத்தம் அளவோடு இருக்கட்டும். குரலை உயர்த்தாமல் நீங்கள் பேச முடிந்தால் அதுவே சரியான அளவு.

வளைந்த ஆறு போக மீதி 22-ஐ, அத்தையின் தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே நிறுத்திவிட்டோம். பெட்டி போனது, குழந்தைக்கு இடமும் கிடைத்தது. இரவு ஷிப்ட் முடிந்து தூங்கும் மகனுக்காக அத்தை மெதுவாகத்தான் வைப்பார். போன ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து, "அம்மா, அந்த அஞ்சு தாளத்தைப் போடேன்" என்று கேட்டார்.

வண்டிக்காரர் மறுவாரமும் வந்தார். பழைய பேப்பர் மட்டும் போட்டேன். சகோதரிகளே, உங்கள் வீட்டு மூலையைக் காலி செய்யும் முன், "இது என்ன, எப்போ வாங்கினது?" என்று பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.