கார்னியா மாற்று ரண சிகிச்சை

தாணாக் கழிமுகத்தின் கீழ்க்கரையில், நவி மும்பையில் அமைந்துள்ள ஊர் கோபர்கைரனே. தாணா-பேலாப்பூர் சாலையை ஒட்டிய தொழிற்பேட்டையில் அமிலமும் காரமும் கையாளப்படுகின்றன. கட்டட வேலையிலோ சுண்ணாம்பும் சிமெண்டும் அன்றாடப் பொருள்கள். இவற்றுள் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே பறிபோகக்கூடும். அவ்வூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளிட்ட உழைப்பாளர் அனைவரும் இது பற்றி அறிந்திருத்தல் நலம்.

விழியின் முன்புறத்தே கடிகாரத்தின் கண்ணாடி போல் அமைந்த தெளிந்த படலமே கார்னியா. பேச்சு வழக்கில் இதனைக் கருவிழி என்பர். நடுவில் இதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. காற்றிலிருந்து பிராணவாயுவை இது நேரே பெறுகிறது. இதன் உட்புறத்து உயிரணுக்கள் நீரை இடையறாது வெளியேற்றித் தெளிவைக் காக்கின்றன. புண்ணோ காயமோ ஏற்பட்டுத் தழும்பு விழுந்தால், ஒளி உட்புகாது பார்வை மங்கும்.

வரலாறு

1905-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி, இன்று செக் நாட்டிலுள்ள ஓலொமோட்ஸ் நகரில், எட்வர்டு சிர்ம் என்ற டாக்டர், சுண்ணாம்பால் கண்ணிழந்த ஓர் உழைப்பாளிக்கு வேறொருவரின் கார்னியாவைப் பொருத்தி வெற்றி கண்டார். நம் நாட்டில், சென்னை எழும்பூர் அரசினர் கண் மருத்துவமனையில் 1945-இல் கண் வங்கி நிறுவப்பட்டது. அங்கே டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா 1948-இல் இச்சிகிச்சையைச் செய்தார். பம்பாய் ராஜ்யத்தில் இதற்கென 1957-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

சிகிச்சைக்கு முன்

கண்ணின் அழுத்தம், கண்ணீர்ப் பை, இமைகள் ஆகியவை முதலில் சோதிக்கப்படும். அங்கே சீழோ அழற்சியோ இருப்பின் அதனை முன்னதாகக் குணப்படுத்த வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருத்தல் அவசியம். உட்கொள்ளும் மருந்துகளை, குறிப்பாக இரத்தம் உறையாதிருக்க உண்பவற்றை, டாக்டரிடம் மறையாது கூற வேண்டும். தானக் கண் எந்நேரத்தில் கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆதலால் அழைப்பு வந்தவுடன் புறப்பட ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இரசாயனத்தால் வெந்த கண்ணில், கார்னியாவின் விளிம்பிலுள்ள மூல உயிரணுக்களும் அழிந்திருக்கலாம். அவற்றைச் சீர்செய்யாது பொருத்தும் கார்னியா நிலைப்பது அரிது.

சிகிச்சைக்குப் பின்

முழுக் கனத்தையும் மாற்றினால், மயிரினும் மெல்லிய நைலான் இழையால் தையலிடுவர். அவை ஓராண்டு வரையிலும் அதற்கு மேலும் கண்ணில் இருக்கக்கூடும். உட்படலத்தை மட்டும் மாற்றியோர், உள்ளே செலுத்திய காற்றுக் குமிழி அப்படலத்தைத் தாங்கி நிற்கும்பொருட்டு, டாக்டர் குறித்த காலம்வரை மல்லாந்து படுத்திருத்தல் வேண்டும்.

கண்ணைக் கசக்கலாகாது, பளுவைத் தூக்கலாகாது, குளிக்கும்போது கண்ணில் நீர் படலாகாது. உறங்கும்போது காப்பு மூடியை அணிய வேண்டும். தூசி, அடுப்புப் புகை ஆகியவற்றை விலக்க வேண்டும். சொட்டு மருந்து பல மாதங்கள் தேவைப்படும். நன்றாகத் தெரிகிறதே என்று தாமாக நிறுத்திவிடுவது பெருந்தவறு. பார்வை நிலைபெற ஓராண்டு ஆகலாம். பின்னர்க் கண்ணாடியும் தேவைப்படலாம்.

கண் சிவத்தல், வெளிச்சத்தில் கூசுதல், வலி, பார்வை மங்குதல் ஆகிய நான்கில் எது தோன்றினும், உடல் அந்நியத் திசுவை ஏற்க மறுக்கிறது என்பதற்கு அது அறிகுறியாகலாம். பல ஆண்டுகள் கழிந்த பின்னும் இது நேரக்கூடும். அன்றே டாக்டரை அணுகினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

வருமுன் காத்தல்

இரசாயனமோ சுண்ணாம்போ கண்ணில் பட்டால், அக்கணமே தூய நீரைத் தாராளமாக ஊற்றி, குறைந்தது கால் மணி நேரம் கழுவ வேண்டும். ஒட்டியுள்ள துகள்களை நீக்க வேண்டும். மருத்துவமனைக்குச் செல்வது அதன் பின்னரே. காப்புக் கண்ணாடி அணிந்து பணிபுரிவோருக்கு இவ்விபத்து பெரும்பாலும் நேராது.

 மாற்றுக் கார்னியாவுக்குப் பெரும்பாலும் இறந்தோரின் கண்களே ஆதாரம். மரணம் நிகழ்ந்து ஆறு மணி நேரத்திற்குள் கண்கள் எடுக்கப்பட வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்தல் உறவினர் கடமை. மூக்குக் கண்ணாடி அணிந்தோரும் நீரிழிவு உடையோரும் கூடக் கண்தானம் செய்யலாம். துயரம் சூழ்ந்த அவ்வேளையில் வீட்டார் எடுக்கும் முடிவைப் பொறுத்தே மற்றொருவர் இல்லத்தில் ஒளி உண்டாகும்.