கட்டிளமைப் பருவமும் உளநலக் குறைபாடுகளும்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்: விளக்கக் கட்டுரை



உள நலம் பற்றிய பகுதியைப் பெரும்பாலான மாணவர்கள் இலேசான பகுதி எனக் கருதி, இறுதி நேரத்தில் ஒரு தடவை மேலோட்டமாக வாசித்துவிட்டுப் பரீட்சைக்குச் செல்கின்றனர். பின்னர் “உளநோய் என்பது பைத்தியம் ஆகும்”, “மனச்சோர்வு என்பது கவலையாக இருத்தல்” என்றெல்லாம் எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். புள்ளி போவது ஒருபுறமிருக்க, இப்பிழையான விளக்கத்தினால் வாழ்க்கையில் ஏற்படும் இழப்பு அதனிலும் பெரியது. எனவே இக்கட்டுரையை இரண்டு நோக்கங்களுடன் வாசியுங்கள். ஒன்று உங்கள் பரீட்சை. மற்றையது நீங்களும் உங்கள் வாங்கில் பக்கத்தில் இருக்கும் நண்பரும்.

1. உள நலம் என்றால் என்ன?

1948 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு, நோயற்றிருத்தலை மட்டும் சுகாதாரம் எனக் கொள்ளவில்லை. உடல், உள, சமூக ரீதியான பூரண நன்னிலையையே அது சுகாதாரம் எனக் கொள்கின்றது. ஆகவே உள நலம் சுகாதாரத்தின் ஒரு பிரிக்க முடியாத பகுதியாகும்.

உள நலமுள்ளவர் ஒருபோதும் கவலைப்படாதவர் அல்லர். பயம், கோபம், கவலை ஆகிய மனவெழுச்சிகள் எல்லோருக்கும் உண்டு. அவற்றைச் சமாளித்து, கல்வி கற்று, பிறரோடு உறவாடி, அன்றாடக் கடமைகளைச் செய்யக்கூடிய நிலையே உள நலமாகும்.

10 – 19 வயதினரில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஓர் உளநலக் குறைபாடு காணப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கணிப்பிட்டுள்ளது. இது உலக சராசரி. 35 மாணவர்கள் உள்ள ஒரு வகுப்பை எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர். அவர்களிற் பலர் எவ்வித உதவியும் பெறாமலேயே பாடசாலைக்கு வந்து போகின்றனர்.

2. பருவ மாற்றமா? குறைபாடா?

கட்டிளமைப் பருவத்தில் ஓமோன்களின் மாற்றத்தால் உடலும் மனமும் விரைவாக மாறுகின்றன. உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தவும் திட்டமிடவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ச்சியடைந்துகொண்டே இருக்கும். ஆகவே திடீர்க் கோபம், வெட்கம், தனிமையில் இருக்க விரும்புதல் ஆகியன இப்பருவத்திற்கு இயல்பானவை. அப்படியாயின் குறைபாட்டை எவ்வாறு வேறுபடுத்தி அறிவது? மூன்று அளவுகோல்கள் உள்ளன.

(அ) காலம் – எவ்வளவு நாட்களாக நீடிக்கின்றது?
(ஆ) கடுமை – வழமையை விட எவ்வளவு அதிகமாக உள்ளது?
(இ) செயற்பாட்டுப் பாதிப்பு – படிப்பு, நித்திரை, உணவு, நட்பு ஆகியன குழம்பியுள்ளனவா?

உதாரணமாக, தவணைப் பரீட்சையில் கணிதத்திற்கு 28 புள்ளி பெற்ற மாணவி ஒருத்தி அன்று முழுவதும் அழுகின்றாள். இரண்டு நாட்கள் எவருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள் வழமை போல வலைப்பந்து விளையாடச் செல்கின்றாள். இது கவலை, குறைபாடு அன்று. இன்னொரு மாணவி நல்ல புள்ளிகளே பெற்றிருக்கின்றாள். ஆனால் ஒரு மாதமாக அவளுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை, சாப்பாட்டில் விருப்பமில்லை. விளையாட்டையும் கைவிட்டுவிட்டாள். “என்னால் ஒருவருக்கும் பிரயோசனமில்லை” என்கின்றாள். இங்கே மூன்று அளவுகோல்களும் பொருந்துகின்றன. இவளுக்கு வைத்திய உதவி தேவை.

3. பிரதான உளநலக் குறைபாடுகள்

(அ) மனச்சோர்வு: குறைந்தது இரண்டு வாரங்களாவது பெரும்பாலான நேரங்களில் துயரமாக இருத்தல், அல்லது முன்னர் விரும்பியவற்றில் நாட்டம் இழத்தல் இதன் பிரதான அறிகுறியாகும். இதனுடன் நித்திரை, பசி மாற்றங்களும் களைப்பு, கவனம் குறைதல், தன்னைத் தாழ்வாக எண்ணுதல், சாவு பற்றிய எண்ணங்கள் ஆகியனவும் சேர்ந்து காணப்படலாம். பிள்ளைகளிடத்தும் கட்டிளமைப் பருவத்தினரிடத்தும் இது துயரமாக வெளிப்படாமல் எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படக்கூடும். பெரியவர்கள் இதனை “வாய்க்காரத்தனம்” என எண்ணிவிடுவதுண்டு.

(ஆ) பதகளிப்புக் குறைபாடு: ஆபத்தின் அளவிற்குப் பொருந்தாத, கட்டுப்படுத்த முடியாத பயம். சிறு பிள்ளைகளிடத்து இது பெரும்பாலும் உடல் நோவாகவே தோன்றும். பாடசாலை நாட்களில் மாத்திரம் காலையில் வரும் வயிற்றுவலி, தலையிடி நடிப்பாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. பிள்ளை உண்மையாகவே வலியை உணர்கின்றது.

(இ) கவனக்குறைவு – மிகையியக்கக் குறைபாடு: வயதிற்குப் பொருந்தாத அளவு கவனச் சிதறல், ஓரிடத்தில் இருக்க முடியாமை, யோசிக்காது செயற்படல் ஆகியன இதன் இயல்புகள். இவை 12 வயதிற்கு முன்னரே தோன்றியிருக்க வேண்டும். வீட்டில் மட்டுமன்றிப் பாடசாலை போன்ற வேறோரிடத்திலும் காணப்பட வேண்டும். வெறும் குழப்படியிலிருந்து இதனைப் பிரித்தறிய இது உதவும்.

(ஈ) ஓட்டிசம்: 1943 இல் லியோ கானர் என்ற வைத்தியர் விரிவாக விபரித்த வளர்ச்சி நிலை. பிறருடன் தொடர்பாடுவதிற் சிரமம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல் என்பன காணப்படும். தாய் தந்தையரின் வளர்ப்புப் பிழையினால் இது ஏற்படுவதில்லை.

(உ) மனவடு: உயிராபத்தான அனுபவமொன்றின் பின்னர் அது கனவாகவும் நினைவாகவும் மீண்டும் மீண்டும் வருதல், அதனை நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல், சிறு சத்தத்திற்கும் திடுக்கிடுதல் ஆகியன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் 2009 மே மாதத்தில் முடிவடைந்த யுத்தத்தையும் கண்ட எமது மக்களுக்கு இது புதியதன்று. அக்காலத்திற் பிள்ளைகளாக இருந்தவர்களிற் சிலர் இன்று உங்கள் பெற்றோர் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

(ஊ) உளமாய நோய்: இல்லாத குரல்கள் கேட்டல், ஆதாரமற்ற சந்தேகங்களை உறுதியாக நம்புதல் போன்றன. இது பெரும்பாலும் கட்டிளமைப் பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலுமே ஆரம்பிக்கின்றது. விரைவாகச் சிகிச்சை ஆரம்பித்தால் பலன் அதிகம்.

கவனிக்க: நுண்மதிக் குறைபாடும் உளநோயும் ஒன்றல்ல. வினாத்தாளில் இவற்றை மாற்றி எழுதாதீர்கள்.

4. காரணங்கள்

உளநலக் குறைபாட்டிற்குப் பொதுவாக ஒரேயொரு காரணம் இருப்பதில்லை. உயிரியற் காரணிகள் (பரம்பரை, மூளையின் இரசாயன மாற்றங்கள்), உளவியற் காரணிகள் (இழப்பு, துஷ்பிரயோகம், தாழ்வு மனப்பான்மை), சமூகக் காரணிகள் (வறுமை, குடும்பப் பிணக்கு, பகிடிவதை, பரீட்சை நெருக்கீடு) ஆகியன ஒன்றோடொன்று சேர்ந்தே செயற்படுகின்றன. சோம்பலோ, கெட்ட குணமோ, முற்பிறப்புப் பாவமோ இப்பட்டியலில் இல்லை.

5. ஒரு வகுப்பறை அனுபவம்

இதுவரை கூறியவற்றை நான் பல வருடங்களாகக் கற்பித்து வருகின்றேன். ஆயினும் ஒருமுறை நானே தவறிவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் எனது மாலை வகுப்பிற்கு வந்த தரம் 11 மாணவன் ஒருவன் எப்போதும் முதல் வாங்கில் இருப்பவன். இரண்டாந் தவணையில் கடைசி வாங்கிற்கு மாறினான். கொடுத்த வேலைகளைச் செய்வதில்லை; வகுப்பில் தூங்கி விழுந்தான். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும், “படிக்க விருப்பமில்லை என்றால் அம்மாவின் காசை ஏன் வீணாக்குகிறாய்?” என்று கேட்டுவிட்டேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை.

அன்று வகுப்பு முடிந்த பின் அவனுடைய நண்பன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். “ரீச்சர், அவன் இரவில நித்திரை கொள்ளுறேல்லை. தான் இல்லாட்டில் வீட்டுக்காரருக்கு நிம்மதி எண்டு சொல்லுறான். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினவன்” என்றான்.

அன்றிரவே அவனது வீட்டிற்குச் சென்றேன். மறுநாள் தாயார் அவனை அரசாங்க வைத்தியசாலையின் உள மருத்துவக் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றார். சிகிச்சை பல மாதங்கள் நடந்தது. அடுத்த வருடம் அவன் பரீட்சை எழுதினான். காலம், கடுமை, செயற்பாட்டுப் பாதிப்பு ஆகிய மூன்றும் என் கண்ணெதிரே இருந்தன. நான் அவற்றைச் சோம்பல் என்று வாசித்தேன். சத்தியத்தை மீறிய அந்த நண்பனே சரியான விடையை எழுதியவன்.

6. சிகிச்சையும் உதவியும்

உளவளத்துணை, எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்ற உதவும் அறிகை நடத்தைச் சிகிச்சை, தேவையானபோது மருந்து, குடும்பத்தின் ஆதரவு ஆகியவற்றால் பெரும்பாலானோர் குணமடைகின்றனர் அல்லது நன்றாக வாழக் கற்றுக்கொள்கின்றனர். மருந்தை வைத்தியரின் ஆலோசனையின்றி இடையில் நிறுத்தக்கூடாது. கோயிலுக்குச் செல்வதும் நேர்த்தி வைப்பதும் மனதிற்கு ஆறுதல் தரலாம். ஆனால் அதற்காக வைத்தியரிடம் செல்வதைப் பிற்போடக்கூடாது.

நண்பர் ஒருவரைப் பற்றி உங்களுக்குப் பயம் ஏற்பட்டால்:

(1) தனிமையில் நேரடியாகக் கேளுங்கள். சாக வேண்டுமென்ற எண்ணம் உண்டா எனக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உருவாவதில்லை.
(2) புத்தி சொல்லாது செவிமடுங்கள்.
(3) இரகசியம் காப்பதாக வாக்களிக்காதீர்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் அன்றே கூறுங்கள்.
(4) உடனடி ஆபத்து எனில் அவரைத் தனியே விடாதீர்கள்.

பெற்றோர், வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர், அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலை ஆகியோரிடம் உதவி பெறலாம். தேசிய உளநல நிறுவனத்தின் 1926, சிறுவர்களுக்கான 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 ஆம் ஆண்டிலிருந்து தண்டனைக்குரிய குற்றமன்று. எனவே பொலிசுக்குப் பயந்து எவரும் இதனை மறைக்கத் தேவையில்லை.

7. பயிற்சி வினாக்கள்

(i) சாதாரண கவலைக்கும் மனச்சோர்விற்கும் இடையிலான வேறுபாடுகள் மூன்று தருக. (குறிப்பு: பகுதி 2 இன் அளவுகோல்களைப் பயன்படுத்துக.)
(ii) பாடசாலை நாட்களில் மாத்திரம் வயிற்றுவலி எனக் கூறும் தரம் 4 மாணவனுக்கு இருக்கக்கூடிய குறைபாடு யாது? முதலில் உடல் நோய் உள்ளதா எனப் பரிசோதிக்க வேண்டியது ஏன்?
(iii) உளநலக் குறைபாடுள்ள வகுப்புத் தோழருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவிகள் நான்கினைக் குறிப்பிடுக.

மூன்றாவது வினாவிற்கான விடையைப் பரீட்சை முடிந்த பின்னரும் மறந்துவிடாதீர்கள். இதை வாசிக்கும்போது பகுதி 2 இல் வரும் இரண்டாவது மாணவி நீங்களே என்று தோன்றினால், இப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இன்றே யாரிடமாவது கூறுங்கள். பாடத்தை நாளையும் படிக்கலாம்.