சீனக்குடா கோல்ப் பெறுபேற்றை வாசிப்பது எப்படி?

திருகோணமலை, சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் ஈகிள்ஸ் கோல்ப் மைதானத்தில் சுற்றுப்போட்டி நடந்தால் பெறுபேறு செய்தியாக வரும். கிண்ணம், கைகுலுக்கல், சில எண்கள். அந்த எண்கள் எனக்கு நெடுநாளாக விளங்கவில்லை.

கோல்பில் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்கிறார். மொத்த அடிகள் ‘குரோஸ்’. அதிலிருந்து வீரரின் ‘ஹான்டிகப்’ எண்ணைக் கழித்தால் ‘நெட்’. 75 அடிகளில் முடித்தவரின் ஹான்டிகப் 4 என்றால் நெட் 71. 90 அடிகள் எடுத்தவரின் ஹான்டிகப் 20 என்றால் நெட் 70. குரோஸில் முன்னவர் முந்துகிறார், நெட்டில் பின்னவர். ஒரே போட்டிக்கு இரண்டு வெற்றியாளர்கள் வருவது இதனால்தான்.

ஹான்டிகப் என்பதை முதலில் ‘ஊனம்’ என்று எழுதி, உடனே அழித்தேன். ஷெல்லில் காலை இழந்தவர்களும் வாசிக்கும் பக்கம் இது. உண்மையில் அது சலுகை அடிகள். புதியவரும் அனுபவசாலியோடு சமமாக மோதுவதற்கான ஏற்பாடு.

பெறுபேற்றில் வராத எண் ஒன்றுண்டு: ஏக்கர். 18 குழி மைதானத்துக்குப் பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் வேண்டும். 2017 இல் கேப்பாப்பிலவு, பிலக்குடியிருப்பு மக்கள் குழந்தைகளோடு ஒரு மாதமளவில் விமானப்படை முகாம் வாசலில் இருந்தது சுமார் 40 ஏக்கருக்காக. சீனக்குடா விமானத்தளம் பிரித்தானியர் காலத்தது. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனாலும் பெறுபேற்றை வாசிக்கும்போதெல்லாம் அந்த வாசல்தான் நினைவுக்கு வருகிறது.